குண்டூர்க் கிரகணமும் கொதிக்கும் பெருங்கோள்களும்

கைக்கு எட்டாத ஒரு பொருள் இன்னதால் ஆயது என்று கூறுதல் இயலுமா? இயலாது என்றே பிரெஞ்சு நாட்டு மெய்ப்பொருள் அறிஞர் ஆகஸ்ட் கோம்டே 1835-இல் முடிவு கட்டினார். விண்மீன்களின் தொலைவையும் பருமனையும் இயக்கத்தையும் மனிதன் ஒருவாறு அளந்துவிடக்கூடும். அவை எப்பொருளால் ஆயவை என்பதை மட்டும் எக்காலத்தும் அறியமாட்டான் என்பது அவர் துணிபு. கோம்டே 1857-இல் மறைந்தார். இரண்டே ஆண்டுகள் சென்றன. 1859-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃப், பன்சன் என்னும் இருவர் அத்துணிபைப் பொய்யாக்கிவிட்டனர்.

அவர்கள் கண்ட உண்மை எளியது. ஒவ்வொரு தனிமமும் சூடேறி ஆவியாகி ஒளிரும்பொழுது, தனக்கே உரிய நிறக் கோடுகளை வெளியிடுகிறது. அதே ஆவி சற்றுக் குளிர்ந்து, ஓர் ஒளிவிளக்கின் முன்னே நிற்குமாயின், அதே இடங்களில் ஒளியை விழுங்கிக் கருங்கோடுகளை உண்டாக்குகிறது. அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பாருங்கள், தழல் மஞ்சளாகும். அம்மஞ்சள் சோடியத்தின் முத்திரை. கதிரவன் ஒளியைப் பட்டகக் கண்ணாடியால் பிரித்து நோக்கிய ஃபிரானோஃபர், அதே மஞ்சளிடத்தில் இரண்டு கருங்கோடுகள் இருத்தலைக் கண்டு, அவற்றிற்கு 'டி' என்று பெயரிட்டிருந்தார். ஆகவே கதிரவனிலும் சோடியம் உண்டு என்பது பெறப்பட்டது.

இன்று இதே முறையைக் கொண்டு, பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால், வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளின் வளியில் நீராவி உண்டா, கந்தகம் உண்டா, இரும்பு ஆவியாய்த் திரிகிறதா என்றெல்லாம் அறிஞர்கள் ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சியில் மிகுதியும் அகப்படுபவை 'வெப்பப் பெருங்கோள்கள்' எனப்படுபவை. வியாழனை ஒத்த பருமனும், தம் விண்மீனை மிக நெருங்கிச் சுற்றுதலால் உலையை ஒத்த வெம்மையும் உடையவை அவை. இவ்வாராய்ச்சியின் வேர்களுள் ஒன்று பழைய சென்னை மாகாணத்தில் ஊன்றியிருத்தலையும், அதன் கிளைகளுள் ஒன்று நம் பேராக் மாநிலத்து மண்ணைத் தொடுதலையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வழியே, பொது அறிவு நூல்களில் அடிக்கடி காணப்படும் ஒரு வாக்கியத்தையும் ஆராய வேண்டியிருக்கிறது. 'ஹீலியம் 1868-ஆம் ஆண்டு குண்டூரில் ஜான்சன் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது' என்பது அவ்வாக்கியம். மாணவர் மனப்பாடம் செய்யும் இது முழு உண்மையன்று.

1868-ஆம் ஆண்டு கிரகணம்

அவ்வாண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் வரலாற்றில் நெடிய கிரகணங்களுள் ஒன்று. நிழல் ஏடனைக் கடந்து, தக்காணத்தின் குறுக்கே வந்து, குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாக வங்கக் கடலில் இறங்கி, சயாம் குடாவையும் போர்னியோவையும் தொட்டுச் சென்றது. சயாம் குடாவில் முழு மறைப்பு 6 நிமிடத்திற்கும் மேலாக நீடித்தது. நிறமாலைகாட்டி எனும் புதிய கருவி கையிலிருக்க, இப்படியொரு கிரகணம் வாய்த்தமை அறிஞர்க்குப் பெருவிருந்து.

மலாயாவில் வாழும் நமக்கும் அந்நிழலோடு உறவுண்டு. சயாம் மன்னர் மோங்குட் கிரகணம் தெரியும் இடத்தையும் நேரத்தையும் தாமே கணித்து, வா கோ என்னும் கடற்கரைச் சதுப்பில் பாடியமைத்து, வெளிநாட்டு விருந்தினரை அழைத்திருந்தார். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஹேரி ஆர்ட் சிங்கப்பூரிலிருந்து அங்கே சென்றிருந்தார். மன்னரின் கணக்குப் பிழைக்கவில்லை. ஆயினும் அச்சதுப்பில் பற்றிய மலேரியாக் காய்ச்சலால் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் அவர் உயிர் நீத்தார். கணிதத்துக்காக உயிர் கொடுத்த மன்னர் என்று அவரைச் சொல்லலாம்.

போர்னியோக் கரையில் அதே கிரகணத்தைக் கண்டவர் லபுவான் ஆளுநர் போப் ஹென்னஸி. அவருடைய மாமனார் ஹியூ லோ. ஆம், பின்னர்ப் பேராக் மாநிலத்தின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்தவரும், எவர் காலத்தில் 1877-இல் கோலகங்சாரில் முதல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டனவோ அவரும், இவரே. 1868-இல் பேராக்கில் ரப்பர் மரம் ஒன்றேனும் இல்லை. பங்கோர் உடன்படிக்கைக்கு இன்னும் 6 ஆண்டுகள் இருந்தன. நம் முன்னோர் பால்மரக் காட்டுக்குக் கப்பலேறிய கதை அதற்கும் பின்னையது. வரலாற்றில் இத்தகைய முடிச்சுகள் தற்செயலானவை என்றாலும், மாணவர் நினைவில் ஆண்டுகளைப் பதிக்க இவற்றைவிட நல்ல கருவி இல்லை.

இனிக் குண்டூருக்கு வருவோம். அங்கே இரு குழுக்கள் கருவிகளுடன் காத்திருந்தன. ஒன்று பிரெஞ்சு அறிஞர் ஜான்சனுடையது. மற்றொன்று ஆங்கிலேயப் படை அதிகாரி டெனன்ட் தலைமையிலானது. ஜம்கண்டியில் ஜான் ஹெர்ஷல் என்னும் அதிகாரி இருந்தார். மசூலிப்பட்டினத்தில் இருந்தவர் சென்னை வானாய்வகத்தின் அரசு வானநூலார் நார்மன் போக்சன். மலாய்த் தீபகற்பத்தின் சயாம் பகுதியில் பிரெஞ்சு அறிஞர் ராயே நின்றார். முழு மறைப்பின்போது கதிரவன் விளிம்பில் எழும் செந்தழற் கொழுந்துகளை இவர்கள் நிறமாலைகாட்டியால் நோக்கினர். கருங்கோடுகள் இல்லை, ஒளிக்கோடுகள் இருந்தன. ஆகவே அக்கொழுந்துகள் கொதிக்கும் வாயு என்பதும், அதில் முதன்மையானது ஹைட்ரஜன் எனும் நீரகம் என்பதும் ஒரே நாளில் தெளிவாயின.

அக்கோடுகளுக்கிடையே மஞ்சள் நிறக் கோடு ஒன்றும் இருந்தது. மஞ்சள் என்றால் சோடியம். சோடியம் என்றால் 'டி'. பலரும் அவ்வாறே குறித்துக் கொண்டனர். ராயேயும் டெனன்டும் 'டி' என்றே எழுதினர். அவர்களைக் குறைகூற இடமில்லை. சில நிமிட இருளில், நடுங்கும் கையோடு, அத்தனை கோடுகளையும் எண்ணுவதே அரிது. போக்சன் மட்டும் அக்கோடு 'டி'யின் இடத்தில் உள்ளதோ அன்றி அதன் அருகில் உள்ளதோ என்று ஐயத்தோடு எழுதி வைத்தார். அந்த ஓர் ஐயச் சொல்லில்தான் புதுத் தனிமம் ஒன்று ஒளிந்து கிடந்தது.

ஜான்சன் செய்தது யாது? கிரகணம் முடிந்தவுடனேயே அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. அக்கோடுகள் இத்துணை ஒளியுடையனவாயின், கிரகணம் இல்லாத வேளையிலும் அவற்றைக் காணலாமன்றோ? மறுநாள் ஆகஸ்டு 19-ஆம் நாள் காலையில் குண்டூரிலேயே முயன்றார், கண்டார். இனிக் கதிரவனின் தழற்கொழுந்துகளை ஆராயக் கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இது பெரிய வெற்றி. ஆனால் இது புது முறையின் வெற்றியே அன்றிப் புதுத் தனிமத்தின் கண்டுபிடிப்பன்று. மஞ்சள் கோடு புதியது என்று ஜான்சன் உரிமை கொண்டாடவில்லை.

இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் கிரகணத்தைக் காணாமலே, தம் வீட்டுத் தொலைநோக்கியால் அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் நாள் அதே முறையில் கொழுந்துகளைக் கண்டார். இருவர் செய்தியும் பாரிஸ் அறிவியற் கழகத்தில் அக்டோபர் 26-ஆம் நாள், ஒரே அமர்வில் படிக்கப்பட்டன. இருவர் உருவமும் பொறித்த பதக்கம் ஒன்றும் பின்னர் அடிக்கப்பட்டது. பொது அறிவு நூல்களின் பிழை இப்பதக்கத்தில்தான் பிறந்தது என்பது என் கருத்து. முறைக்காக இருவர்க்கும் கிடைத்த புகழை, பின்வந்தோர் தனிமத்துக்காகவும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டனர்.

மஞ்சள் கோட்டை நிதானமாக அளந்தவர் லாக்கியர். சோடியத்தின் இரு கோடுகளும் 589.6, 589.0 நானோமீட்டரில் உள்ளன; புதுக்கோடு 587.6-இல் நின்றது. ஒன்றரை நானோமீட்டர் வேறுபாடு! அதனை 'டி3' என அழைத்து, பூமியில் அறியப்படாத தனிமம் ஒன்றின் கோடு இதுவென லாக்கியர் கருதினார். கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹீலியம்' என்ற பெயர் எழுந்தது. வேதியலார் பலர் நம்பவில்லை, நகைத்தோரும் உண்டு. 1895 மார்ச்சில் வில்லியம் ராம்சே கிளீவைட் எனும் யுரேனியக் கனிமத்திலிருந்து வெளிப்பட்ட வாயுவில் அதே கோட்டைக் கண்ட பிறகே நகைப்பு அடங்கியது.

ஆகவே நம் மாணவர்க்கு எழுதித்தர வேண்டிய வாக்கியம் இதுவாகலாம்: '1868 கிரகணத்தில் பலர் கண்டும் சோடியம் என்று எண்ணிய மஞ்சள் கோட்டை, புதுத் தனிமத்துக்குரியதெனப் பிரித்தறிந்தவர் லாக்கியர், அத்தனிமத்தைப் பூமியில் எடுத்துக் காட்டியவர் ராம்சே.' சற்று நீளந்தான். போக்சனின் ஐயத்தைச் சேர்த்தால் இன்னும் நீளும். அவர் அறிக்கை சென்னையில் அச்சாயிற்று. ஐரோப்பாவில் அதைப் பேசுவார் இல்லை. விண்மீன்களின் ஒளித்தரத்தை அளக்க இன்றும் உலகம் முழுவதும் வழங்கும் அளவுகோலைத் தந்தவர் போக்சன். ஐந்து தரம் வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடும் என்பது அவர் வகுத்த கணக்கு. 1861 முதல் 1891-இல் மறையும் வரை சென்னையிலேயே உழைத்தவர். இத்தகையவரைத் தமிழ் மாணவர் அறியாதிருத்தல் தகாது.

அமாங் மணலில் அடைபட்ட வாயு

ராம்சே கல்லுக்குள் கண்ட வாயு அங்கே எவ்வாறு புகுந்தது? யுரேனியமும் தோரியமும் இடையறாது சிதைந்து ஆல்பாத் துகள்களை வெளியிடுகின்றன. அத்துகள் ஒவ்வொன்றும் ஹீலியத்தின் அணுக்கருவே. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அக்கல்லில் பிறந்த ஹீலியம் அதனுள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது. தோரியம் மிக்க கனிமங்களுள் ஒன்று மோனசைட். 1908 ஜூலையில் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கியபோது, அதற்கு வேண்டிய வாயுவை மோனசைட் மணலைச் சூடாக்கியே பெற்றார்.

மோனசைட் என்றதும் ஈப்போ வாசகர்க்குச் செவி நிமிரும். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் ஈயமணலைப் பிரித்த பின் எஞ்சும் கனத்த கழிவு மணலை 'அமாங்' என்பர். அதில் டைட்டானியம் கலந்த இல்மனைட் உண்டு, சிர்க்கான் உண்டு, செனோடைம் உண்டு, மோனசைட்டும் உண்டு. கதிரவன் விளிம்பில் மஞ்சளாய் ஒளிர்ந்த அதே வாயு, தஞ்சோங் துவாலாங்கில் ஈயக் கப்பல்கள் வாரி இறைத்த மணலிலும் துளித்துளியாய் அடைபட்டிருந்தது.

அம்மணல் நமக்குத் துன்பமும் தந்தது. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் மோனசைட்டிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரிக்கும் ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. தோரியம் கலந்த கழிவு எஞ்சியது. ஊரார் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994-இல் ஆலை மூடப்பட்டே விட்டது. அணு சிதைவதைப் பற்றிப் பாடம் நடத்தும் பேராக் ஆசிரியர் எவரும் வெளிநாட்டு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

கடப்பு

கிரகணத்துக்குச் சென்னை வானாய்வகம் அனுப்பிய குழுக்களுள் ஒன்று வனபர்த்திக்குச் சென்றது. அதன் பொறுப்பை ஏற்றவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். ஆய்வகத்தில் சிறு பணியில் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் தென்வானத்து ரெட்டிக்குலம் மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டவர். 1872-இல் லண்டன் ராயல் வானநூற் கழகத்தின் உறுப்பினராக ஏற்கப்பட்டார். அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே. பஞ்சாங்கத்தைப் பழைய வாக்கியங்களால் மட்டும் கணியாது, வானில் கண்கூடாகக் கண்ட நிலைகளோடு பொருத்திக் கணிக்க வேண்டும் என்று வாதாடிய திருக்கணிதக்காரர். வாக்கியமா திருக்கணிதமா என்று இன்றும் நம் கோவில்களில் தேதி பற்றி வழக்கு எழுகிறதே, அதன் முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் கதிரவன் முகத்தைக் குறுக்கே கடக்க இருந்தது. அதனைப் பொதுமக்கள் அச்சமின்றி விளங்கிக் கொள்ளும்பொருட்டு இரகுநாதாசாரியார் ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார். அத்தகைய கடப்பை நம்முள் பலர் 2004-இலும் 2012-இலும் இந்நாட்டிலேயே கண்டிருப்போம். அடுத்தது 2117 டிசம்பரில்தான். 1761-ஆம் ஆண்டுக் கடப்பின்போது, வெள்ளி கதிரவன் விளிம்பைத் தொடும் வேளையில் அதைச் சுற்றி மெல்லிய ஒளிவளையம் தோன்றக் கண்ட ரஷ்ய அறிஞர் லமனோசவ், வெள்ளிக்கு வளிமண்டலம் உண்டு என்று உரைத்தார். கோள் ஒன்று தன் சூரியனின் முன்னே நிற்கும்போது அதன் வளியை அறியலாம் என்னும் கருத்தின் முளை அது.

அந்த முளை மரமானது 1990-களில். 1995-இல் மயோர், கெலோ என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர்கள் பெகாசஸ் மண்டலத்து விண்மீன் ஒன்றை வியாழனைப் போன்ற கோள் 4 நாட்களுக்கு ஒருமுறை சுற்றுவதாக அறிவித்தனர். நம் வியாழன் ஒரு சுற்றுக்கு 12 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. நாலு நாளில் சுற்றும் வியாழனா என்று வானநூலார் திகைத்தனர். 1999-இல் எச்.டி. 209458 என்னும் விண்மீனின் ஒளி மூன்றரை நாளுக்கு ஒருமுறை நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு குறைதல் காணப்பட்டது. கோள் ஒன்று கடக்கிறது; அதன் நிழல் நம்மேல் விழுகிறது.

இனி முறையை நோக்குக. கோளின் உடல் எல்லா நிற ஒளியையும் ஒரே அளவாக மறைக்கும். அதைச் சுற்றியுள்ள வளியோ, தன்னிடத்துள்ள பொருளுக்கு ஏற்பச் சில நிறங்களை மட்டும் மிகுதியாக விழுங்கும். அந்நிறங்களில் பார்ப்பார்க்குக் கோள் சற்றுப் பருத்துத் தோன்றும். எந்த நிறத்தில் எவ்வளவு பருக்கிறது என்று அளந்துவிட்டால், வளியில் உள்ள பொருளின் பெயரைப் படித்துவிடலாம். 2000-இல் சாரா சீகர், சசலோவ் ஆகிய இருவர் இக்கணக்கைப் போட்டு, சோடியத்தை முதலில் தேடுங்கள் என்றனர். 2002-இல் சார்போனோவும் துணைவரும் ஹப்பிள் தொலைநோக்கியால் அதே கோளில் தேடினர். 'டி' கோட்டின் இடத்தில் ஒளி பத்தாயிரத்தில் இரண்டு பங்கு கூடுதலாகக் குறைந்திருந்தது. 1868-இல் எல்லோரும் தவறாகக் கண்ட சோடியம், வேற்றுச் சூரியக் கோளின் வளியில் முதலில் கண்ட பொருளாயிற்று.

உலைக்குள் வேதியல்

வியாழனின் குளிர்ந்த வளியில் கரி பெரும்பாலும் மீத்தேன் வடிவிலும், நைட்ரஜன் அமோனியா வடிவிலும் இருக்கின்றன. அமோனியாவைத் தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மரத்துப்பால் ஸ்டோருக்குச் சேருமுன் உறைந்துவிடாதிருக்கச் சேர்க்கும் அந்த மருந்தின் நெடி மூக்கைவிட்டு எளிதில் போகாது. ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெம்மையில் இவ்விரு சேர்மங்களும் நிலைப்பதில்லை. நைட்ரஜன் அணுக்கள் தம்முள் இணைந்துகொள்கின்றன. கரி ஆக்சிஜனைப் பற்றிக் கரிமோனாக்சைடு ஆகிறது. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டினால் உயிரைக் கொல்லும் அதே வாயு. எஞ்சிய ஆக்சிஜன் நீரகத்தோடு கூடி நீராவியாகிறது. ஆகவே கரியும் ஆக்சிஜனும் எந்த விகிதத்தில் உள்ளன என்பதே அவ்வுலகின் வேதியலை ஆளுகிறது. ஆக்சிஜன் மிகுந்தால் நீராவி மிகும். கரி மிகுந்தால் நீராவி அருகிப் போகும். கோள் எங்கே, எத்தகைய பனிக்கட்டித் துகள்களிடையே பிறந்தது என்பதற்கும் இவ்விகிதமே சான்று என்பர்.

வாரணாசியில் பயின்று அமெரிக்காவில் சாரா சீகரிடம் ஆராய்ச்சி செய்த நிக்கு மதுசூதன், 2011-இல் துணைவரோடு வாஸ்ப்-12 பி என்னும் கோளை ஆராய்ந்து, அங்கே கரி ஆக்சிஜனை விஞ்சுகிறது என்று வெளியிட்டார். கரிக்கோள், வைர உலகம் என்றெல்லாம் செய்தித்தாள்கள் எழுதின. 2015-இல் லாரா கிரைட்பர்க் குழுவினர் ஹப்பிளால் அதே கோளில் நீராவியைக் கண்டனர். கரி மிகுதி என்ற முடிவு நிற்கவில்லை. முதலில் சொன்னவரைப் பழிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. கையிலிருந்த சில நிறங்களின் அளவைக் கொண்டு அவ்வாறே கூற முடிந்தது. கருவி கூர்மையானதும் முடிவு மாறியது.

இதுபோன்ற அனுபவம் தமிழ்நாட்டுக்கும் உண்டு. சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி நிறுவப்பட்ட 1972-ஆம் ஆண்டிலேயே, ஜூன் 7-ஆம் நாள் வியாழனின் கனிமீடு என்னும் நிலா ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் ஜாவாவின் லெம்பாங்கிலும் நோக்கிய அறிஞர்கள், விண்மீன் சட்டென மறையாமல் படிப்படியாக மங்கியது என்று கண்டு, கனிமீடுக்கு வளி உண்டு என்றனர். கோளின் வளியை விண்மீன் ஒளியால் அறியும் அதே கலை. 1979-இல் வாயேஜர் விண்கலம் அருகே சென்று அளந்தபோது, அவர்கள் கூறிய அளவு வளி அங்கில்லை என்பது தெரிந்தது. பின்னர் ஹப்பிள் அதனினும் மிக மெல்லிய ஆக்சிஜன் படலத்தைக் கண்டது. காவலூரின் அம்முயற்சியைத் தோல்வி என்று நான் எழுதமாட்டேன். அதே காவலூர் 1977-இல் யுரேனசின் வளையங்களைக் கண்ட நிலையங்களுள் ஒன்றாயிற்று. அதுவும் விண்மீன் மறைப்பின் வழியே.

முதல் வெற்றியான சோடியமும் ஐயத்துக்குத் தப்பவில்லை. 2020-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் காசசாயாஸ்-பாரிஸ் குழுவினர், எச்.டி. 209458-இன் ஒளியைப் பூமியிலிருந்து மிக நுட்பமாகப் பிரித்து நோக்கினர். விண்மீன் சுழலுவதால் அதன் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் செல்கிறது. கோள் அப்பக்கங்களை மாறி மாறி மறைக்கும்போது, விண்மீனுக்கே உரிய சோடியக் கோடு உருமாறி, கோளின் சோடியம் போல் நடிக்கக்கூடும் என்று காட்டினர். ஹப்பிள் அளவைகளை வைத்து மறுமொழி கூறியோரும் உண்டு. மசூலிப்பட்டினத்தில் போக்சன் கேட்ட கேள்வியேதான்: கோடு அங்கேயா, அருகிலா? யாருடைய கோடு?

வாஸ்ப்-19 பி என்ற கோளில் டைட்டானியம் ஆக்சைடு கண்டதாக 2017-இல் ஒரு குழு அறிவித்தது. 2019-இல் மற்றொரு குழு தேடிக் காணவில்லை. நம் அமாங் மணலில் இரும்போடு கூடிக் கருமையாய்க் கிடக்கும் டைட்டானியம், அங்கே வளியில் ஆவியாய்த் திரியக்கூடும் என்பது கோட்பாடு. கெல்ட்-9 பி என்னும் கோளின் பகற்பக்கம் 4,000 பாகை செல்சியசையும் கடந்தது. விண்மீன்கள் பலவற்றினும் சூடு மிக்கது. அங்கே 2018-இல் இரும்பும், மின்னேற்றம் பெற்ற இரும்பும் டைட்டானியமும் காணப்பட்டன. எவ்வெம்மையில் எந்த அணு தன் எலக்ட்ரானை இழக்கும் என்பதற்கு வழிகாட்டுவது, 1920-இல் மேகநாத் சாகா கல்கத்தாவில் இருந்த காலத்தில் வெளியிட்ட சமன்பாடு. விண்மீன்களுக்காக எழுதப்பட்டது கோளுக்கும் பயன்படுகிறது.

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஐயங்கள் பலவற்றுக்கு இடமில்லாமல் செய்தது. வாஸ்ப்-39 பி கோளில் 2022-இல் கரியமில வாயு தெளிவாகத் தெரிந்தது. அதே அளவைகளில் எதிர்பாராத ஒரு மேடும் இருந்தது. அது கந்தக-டை-ஆக்சைடு என அறியப்பட்டது. அவ்வெம்மையில் கந்தகம் இயல்பாக நீரகத்தோடு கூடி, அழுகிய முட்டை நாறும் வாயுவாகவே இருத்தல் வேண்டும். விண்மீனின் கடும் ஒளி நீராவியை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் கந்தகத்தோடு வினைபுரிந்து அதனை ஆக்சைடாக மாற்றுகின்றன. வேற்றுச் சூரியக் கோளில் ஒளியே வேதிவினை நடத்துதற்குக் கிடைத்த முதற் சான்று இது. அழுகிய முட்டை வாயுவும் 2024-இல் எச்.டி. 189733 பி கோளில் காணப்பட்டது.

ஹீலியம் என்னவாயிற்று? 2018-இல், குண்டூர்க் கிரகணத்தின் 150-ஆம் ஆண்டில், ஜெசிக்கா ஸ்பேக் என்னும் அறிஞரின் குழு வாஸ்ப்-107 பி கோளின் வளியில் அதைக் கண்டது. கண்ட கோடு மஞ்சள் நிறமுடைய டி3 அன்று. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில், 1,083 நானோமீட்டரில் உள்ள மற்றொரு கோடு. அவ்வாண்டிலேயே இன்னும் சில கோள்களிலும் அது காணப்பட்டது. வெம்மையால் வளி பொங்கி விண்வெளியில் கசிந்து ஓடுவதை அறிஞர்கள் இப்போது அக்கோட்டைக் கொண்டே அளக்கின்றனர்.

சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ள ஆசிரியர்க்காக ஒன்று. 2019-இல் உலக வானநூற் சங்கம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதன் கோளையும் பெயரிட ஒதுக்கியது. மலேசியாவுக்குக் கிடைத்தது எச்.டி. 20868. விண்மீனுக்கு இந்தான் என்றும், கோளுக்குப் பைடூரி என்றும் நம் நாட்டார் பெயர் சூட்டினர். இந்தான் மலாய் மொழியில் வைரம். பைடூரி நம் வைடூரியமே. வடமொழி வைடூர்யத்திலிருந்து மலாய்க்குச் சென்று, பொருளும் சற்றே மாறி நிற்கிறது. அக்கோள் வியாழனினும் பெரியது. 381 நாட்களில் நீள்வட்டமாகச் சுற்றுகிறது. தன் விண்மீனின் முகத்தை அது கடப்பதாகத் தெரியவில்லை. ஆதலால் மேலே கூறிய முறையால் அதன் வளியைப் படிக்க வழியில்லை.